நரம்புக்கலத்தின் தோற்றமும் நொட்ச் வாங்கியும்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன என்று 2009ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு ஆய்வாளர் கணித்துக் கூறினர். அதற்கு முன்னர் பாடநூல்கள் பதினாயிரங்கோடி என்னும் முழு எண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்லி வந்தன. எண்ணிக்கை எதுவாயினும், இக்கலங்கள் பெரும்பாலும் முளையத்தின் முதுகுப்புறத்தே மூன்றாவது வாரத்தில் தோன்றும் ஒரு மெல்லிய கலப்படையின் வழித்தோன்றல்களே. அப்படையிலுள்ள கலங்கள் யாவும் ஒரே பரம்பரையலகுத் தொகுதியைக் கொண்டவை. அவ்வாறிருந்தும் அவற்றுட் சில பிரிந்து பெருகி மூலக்கலங்களாகவே நிற்கின்றன. சில பிரிவதை நிறுத்தி, நரம்புக்கலங்களாகி, தமக்குரிய இடம் நோக்கிப் பெயர்ந்து செல்கின்றன. நரம்புக்கலமாகிவிட்ட கலம் மீண்டும் பிரிவதில்லை. எனவே எல்லாக் கலங்களும் விரைந்து நரம்புக்கலங்களாகிவிடின் மூளை சிறுத்துப் போகும். எக்கலமும் அவ்வாறு ஆகாவிடின் மூளை என ஒன்று உருவாகாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பங்கீட்டை நடத்துவது யாது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினாவாகும்.

இங்குக் கலைச்சொல் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் 'ஸ்டெம் செல்' எனப்படுவதைத் தண்டுக்கலம் என மொழிபெயர்ப்போர் உளர். கிளைகள் பிரியும் அடிமரம் என்ற கருத்திலேயே அச்சொல் எழுந்தது. ஆயினும் தாவரத் தண்டின் கலம் என்னும் மயக்கம் நேரக்கூடுமாதலால் மூலக்கலம் என்பதையே இங்கு ஆள்கிறோம். வாங்கி என்பது, கலத்தின் மென்சவ்விலோ உட்புறத்திலோ இருந்து, வேறிடத்திலிருந்து வரும் இரசாயனச் செய்தியை ஏற்கும் புரதம். மூலக்கலம் மூளைக்கலமாக மாறும் பாதையிற் பல வாங்கிகளின் பரம்பரையலகுகள் விழிப்பதும் உறங்குவதுமாக இயங்குகின்றன. அவற்றுள் நொட்ச் எனப்படும் ஒன்றை மட்டுமே நாம் ஆராயப் புகுகிறோம். ஓர் ஈயின் சிறகில் தொடங்கி, ஓர் அல்சைமர் மருந்தின் தோல்வியினூடாக, மனித மூளையின் பருமன் பற்றிய வினாவரை இவ்வொரு புரதமே நம்மை இட்டுச் செல்வதாற் பிறவற்றை விடுத்தோம்.

நியூயோர்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஹன்ற் மோகன் நடத்திய பழ ஈ ஆய்வுகளைச் சார்ந்து பணியாற்றிய ஜோன் டெக்ஸ்ரர், சிறகின் ஓரத்திற் கடிபட்டாற்போன்ற வெட்டுக்கள் கொண்ட ஈக்களை 1914இல் விவரித்தார். வெட்டு என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லே 'நொட்ச்'. அப்பெயரே பரம்பரையலகுக்கும் நிலைத்தது. இவ்விகாரம் எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. இரு எக்ஸ் நிறமூர்த்தங்களுள் ஒன்றில் மட்டும் விகாரத்தையுடைய பெண் ஈ வெட்டுச் சிறகுடன் உயிர்வாழும். ஒரே எக்ஸ் நிறமூர்த்தமுடைய ஆண் ஈயோ முளையப் பருவத்திலேயே இறந்துவிடும். சிறகின் ஓரத்தைச் செப்பனிடும் ஒரு பரம்பரையலகு இல்லாமற்போவதால் உயிரே போவானேன்? 1930களின் பிற்பகுதியில் டொனால்ட் பௌல்சன் இறந்த முளையங்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து விடை கண்டார். மேற்றோலாக வேண்டிய கலங்களெல்லாம் நரம்பிழையமாக மாறியிருந்தன. முளையம் தோலின்றி நரம்புமயமாகக் கிடந்தது. ஆகவே சாதாரண நிலையில் இப்பரம்பரையலகின் பணி, நரம்பாகும் இயல்புடைய கலங்களுட் பலவற்றை அவ்வாறு ஆகவிடாமல் தடுத்து வைப்பதாகும். இவ்வளவையும் டி.என்.ஏ.யின் அமைப்பு அறியப்படுவதற்கு முன்னரே, இறந்த முளையங்களின் வெட்டுமுகங்களைக் கொண்டே ஒருவர் கண்டறிந்தார் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

தடுப்பு எங்கிருந்து வருகிறது என்பது வெட்டுக்கிளியில் தெளிவாயிற்று. வெட்டுக்கிளி முளையத்தின் ஒவ்வோர் உடற்றுண்டத்தின் ஒருபாதியிலும் ஏறத்தாழ 150 புறப்படைக் கலங்கள் உள்ளன. இவையனைத்தும் நரம்பைத் தோற்றுவிக்கும் ஆற்றல் வாய்ந்தவை. ஆயினும் சுமார் 30 கலங்களே பருத்து, உள்நோக்கி நகர்ந்து, நரம்பரும்பர்க் கலங்களாகின்றன. கிறிஸ் டோ, கோரி குட்மன் ஆகிய இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வாறு தெரிவாகிய ஒரு நரம்பரும்பர்க் கலத்தை லேசர்க் கதிரினால் அழித்தனர். உடனே அதன் அயலிலிருந்த சாதாரணக் கலமொன்று அவ்விடத்தை ஏற்று நரம்பரும்பராயிற்று. எனவே அயற்கலங்கள் ஆற்றலின்மையால் ஒதுங்கியிருக்கவில்லை. முந்திக்கொண்ட கலம் அவற்றை அடக்கி வைத்திருந்தது. இதுவே பக்கத்தடை எனப்படுவது. ஏறத்தாழச் சமநிலையிலுள்ள இரு கலங்களுள் ஒன்றிடம் டெல்ரா என்னும் புரதம் தற்செயலாகச் சற்றுக் கூடிவிடின், அது அயற்கலத்தின் நொட்ச் வாங்கியைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட கலத்தில் டெல்ராவின் உற்பத்தி குறைகிறது. குறைந்ததனால் முதற்கலத்தின் மீதான தடை தளர்கிறது. அங்கு டெல்ரா மேலும் பெருகுகிறது. மிகச் சிறிய வேறுபாடு இவ்வாறு பெருகிப் பெருகி, ஒன்று நரம்பு, மற்றொன்று நரம்பன்று என்னும் முழு வேறுபாடாக முடிகிறது.

அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ எனச் சில வாசகர் எண்ணலாம். உயிரியலிலே இயங்கியற் பார்வையின் பயனை லெவின்சும் லுவன்ரினும் 1985இல் வெளியான தமது நூலில் நிதானத்துடன் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயினும் கலங்களின் நடத்தையைச் சமூகத்தின் மீதும், சமூகத்தின் விதிகளைக் கலங்களின் மீதும் ஏற்றிப் பேசுவது ஆபத்தானது. லைசென்கோவின் காலத்துச் சோவியத் உயிரியல் இதற்குக் கொடுத்த விலையை நாம் அறிவோம். பக்கத்தடை என்பது ஒரு பின்னூட்டப் பொறிமுறை. அதனை விளங்கிக்கொள்ள மூலக்கூறுகளின் மட்டத்திற்கு இறங்குவதே நேர்வழி.

நொட்ச் பரம்பரையலகை 1983இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்பைரோஸ் ஆட்டவானிஸ்-ரஸ்கொனாஸ் குழுவினர் பிரித்தெடுத்தனர். அதேகாலத்தில் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கல் யங் குழுவினரும் இதில் ஈடுபட்டிருந்தனர். இந்த யங் தான் பின்னர் உயிர்க்கடிகாரம் பற்றிய ஆய்வுக்காக 2017இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஈயின் நொட்ச் ஏறத்தாழ 2,700 அமினோவமிலங்களாலான நெடும் புரதம். அதன் வெளிப்பகுதியில் ஒரே மாதிரியான 36 மடிப்புக்கள் சங்கிலிபோல் தொடர்கின்றன. நடுப்பகுதி மென்சவ்வை ஊடறுத்துச் செல்கிறது. எஞ்சியது கலத்தினுள் நீண்டுள்ளது. ஈயில் ஒரு நொட்ச்சே உண்டு. மனிதரில் நான்கு உள.

இவ்வாங்கி இயங்கும் முறை பிற வாங்கிகளின் முறையினின்றும் வேறுபட்டது. அதிரினலீன் போன்ற ஓமோன் ஒன்று தன் வாங்கியுடன் சேரும்போது, அச்செய்தி உள்ளே பல இடைத்தரகர் வழியாகக் கைமாறி, ஒவ்வொரு படியிலும் பன்மடங்கு பெருக்கப்படுகிறது. நொட்சில் இடைத்தரகர் இல்லை. அயற்கலத்தின் மேற்பரப்பிலுள்ள டெல்ரா நொட்சைப் பற்றிக்கொள்கிறது. பற்றிய நிலையிலேயே அயற்கலம் டெல்ராவைத் தன்னுள் இழுக்கிறது. இவ்விழுவை சில பிக்கோநியூற்றன் அளவினது, அதாவது ஒரு நியூற்றனின் இலட்சங்கோடியில் ஒருசில பங்கு. ஆயினும் நொட்சின் மடிப்பொன்றை விரித்து, மறைந்திருந்த வெட்டுமுனையை வெளிக்கொணர அது போதுமானது. ஒரு நொதியம் அம்முனையை அறுக்கிறது. அடுத்து, மென்சவ்வினுள்ளேயே அமைந்த காமா-செக்கிறற்றேசு என்னும் நொதியத் தொகுதி எஞ்சிய பகுதியை அறுக்கிறது. விடுபட்ட உட்துண்டு நேரே கருவினுட் சென்று, டி.என்.ஏ.யுடன் பிணைந்திருக்கும் ஆர்.பி.பி.ஜே. என்னும் புரதத்துடன் சேர்ந்து, உறங்கியிருந்த பரம்பரையலகுகளை எழுப்புகிறது. வாங்கியே செய்தியாகிவிடுகிறது, ஒருமுறை அறுபட்ட வாங்கியை மீண்டும் பயன்படுத்த இயலாது. ஒரு வாங்கிக்கு ஒரு செய்தி என்பதால், கலத்திலுள்ள நொட்ச் பரம்பரையலகுப் பிரதிகளின் எண்ணிக்கை நேரடியாகவே விளைவைப் பாதிக்கிறது. பெண் ஈயில் இரண்டுக்கு ஒன்றாகக் குறைந்ததே சிறகை வெட்டியமைக்குக் காரணமும் இதுவே. இவ்வுண்மை மனித மூளையைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

ஆர்.பி.பி.ஜே. என்னும் பெயரின் கதையும் சுவையானது. கியோத்தோவில் ரசுக்கு ஹொஞ்ஜோவின் ஆய்வுகூடத்தினர் 1989இல் இதனை எதிர்ப்புடற் பரம்பரையலகுகளின் மீள்சேர்க்கையில் ஈடுபடும் புரதமெனக் கருதி அதற்கேற்பப் பெயரிட்டனர். பின்னர் அது அப்பணியைச் செய்வதன்று என்றும், நொட்சின் கருவகத் துணை என்றும் தெரியவந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

மூளையின் மூலக்கலங்களில் நொட்சின் உட்துண்டு முதன்மையாக எழுப்புவது ஹெஸ் என்னும் பரம்பரையலகுக் குடும்பத்தை. ஹெஸ் புரதங்கள், நரம்பாக்கும் பரம்பரையலகுகளாகிய நியூரோஜெனின்-2, அஸ்கில்-1 முதலியவற்றின் பிரதியெடுப்பை அடக்குகின்றன. டெல்ராவின் உற்பத்தியையும் அடக்குகின்றன. இதன்படி நோக்கின், ஹெஸ் உயர்ந்த கலம் மூலக்கலமாகவும், ஹெஸ் தாழ்ந்த கலம் நரம்பாகவும் நிலைத்துவிட வேண்டும். இறந்த இழையத்தைச் சாயமிட்டு நோக்கியோர் கண்டதும் உப்பும் மிளகும் தூவியதுபோன்ற அத்தகைய தோற்றமே. ஆனால் உயிருள்ள கலங்களைத் தொடர்ந்து நோக்கிய கியோத்தோ ஆய்வாளர் றியோய்ச்சிரோ ககேயாமாவும் அவர் குழுவினரும் வேறொன்றைக் கண்டனர். ஹெஸ்-1 தன்னுடைய பரம்பரையலகையே அடக்கும் இயல்புடையது. அதன் புரதமும் தூது ஆர்.என்.ஏ.யும் ஏறக்குறைய இருபது நிமிடங்களிற் பாதியாகச் சிதைவன. எனவே புரதம் கூடுகிறது. கூடியதும் தன் உற்பத்தியை நிறுத்துகிறது. சிதைந்து குறைந்ததும் உற்பத்தி மீண்டும் தொடங்குகிறது. சுண்டெலியில் இவ்வலைவு இரண்டு மூன்று மணித்தியாலங்களுக்கு ஒருமுறை நிகழ்கிறது. அதற்கு எதிர்க்கட்டத்தில் நரம்பாக்கும் பரம்பரையலகுகளும் அலைகின்றன. இதனை அவர்கள் 2008இல் வெளியிட்டனர். பின்னர் 2013இல், ஒளியினால் இயக்கக்கூடிய ஒரு பரம்பரையலகுப் பொறியை மூலக்கலங்களிற் புகுத்தி, அஸ்கில்-1 புரதத்தை விட்டுவிட்டு அலையச் செய்தபோது கலங்கள் பிரிந்து பெருகின. அதே புரதத்தை இடைவிடாது உயர்த்தி வைத்தபோது நரம்புக்கலங்களாகின. ஒரே புரதம், இரு வேறு கால ஒழுங்கு, இரு வேறு விதி. பரம்பரையலகு ஒன்று 'இயங்குகிறதா, இல்லையா' என்று மட்டும் வினவிப் பழகிய நமக்கு, அது எவ்வாறு காலத்தில் இயங்குகிறது என்ற வினா புதியது. இத்துறையில் அண்மைக்காலத்தே நிகழ்ந்த முன்னேற்றங்களுள் இதனையே யான் தலையாயதாகக் கருதுவேன்.

மூளை வளர்ச்சியின் எல்லாப் படிகளிலும் நொட்ச் 'நரம்பாகாதே' என்றே கூறுகிறது என எண்ணுதல் பொருந்தாது. எப்பகுதியாகவும் மாறக்கூடிய முளைய மூலக்கலங்களை எடின்பரோவில் சலி லோவெல், ஒஸ்ரின் சிமித் ஆகியோர் ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவு இதற்கு மாறானது. அங்கு நொட்ச் தூண்டப்படும்போது கலங்கள் நரம்பு வழியை நோக்கியே செலுத்தப்படுகின்றன. அவ்வழியிற் புகுந்தபின், அதே வாங்கி அவற்றை மூலக்கலங்களாக நிறுத்தி வைக்கிறது. மேலும் சிறிது காலஞ்சென்றபின், முன்னரே தோன்றிய நரம்புக்கலங்கள் தம்மிடமுள்ள டெல்ராவினால் எஞ்சிய மூலக்கலங்களைத் தூண்டுகின்றன. இப்போது அக்கலங்களின் டி.என்.ஏ.யில் நட்சத்திரக் கலங்களுக்குரிய பகுதிகளை மூடியிருந்த மெதயில் கூட்டங்கள் அகன்று, அவை நரம்புகளுக்குத் துணைபுரியும் நட்சத்திரக் கலங்களாகும் தகைமையைப் பெறுகின்றன. யப்பானிய ஆய்வாளர் இதனை 2009இற் காட்டினர். மூன்று பருவங்கள், ஒரே வாங்கி, மூன்று விளைவுகள். வாங்கி கொண்டுவருவது 'அயலில் ஒருவர் உளர்' என்னும் செய்தியை மட்டுமே; அதற்கு என்ன பொருள் என்பதைக் கலத்தின் அதுவரையான வரலாறு, அதாவது அதன் டி.என்.ஏ.யில் எப்பகுதிகள் திறந்தும் எவை மூடியும் உள்ளன என்பது, தீர்மானிக்கிறது.

வளர்ந்த மூளையிலும் சில இடங்களில் மூலக்கலங்கள் எஞ்சியுள்ளன. கனடாவின் கல்கரியில் றெனோல்ட்சும் வைஸும் 1992இல் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து இவற்றைப் பிரித்து வளர்த்துக் காட்டினர். இத்தகைய கலங்களில் ஆர்.பி.பி.ஜே. பரம்பரையலகை நீக்கினால், அவை யாவும் ஒருசேர நரம்பாகத் தொடங்குகின்றன. சிறிது காலம் புது நரம்புகள் மிகுதியாகத் தோன்றி, பின்னர் மூலமே வற்றிவிடுகிறது. விதைநெல்லை உண்டுவிட்ட வீட்டின் நிலை இதுவே.

இவ்வறிவு ஆய்வுகூடங்களிற் பயன்பட்டுள்ளது. தோற்கலம், குருதிக்கலம் முதலியவற்றிலிருந்து மூலக்கலங்களை உருவாக்கும் முறையை யமனாக்கா 2006இற் சுண்டெலியிலும் 2007இல் மனிதரிலும் நிறுவியபின், அவற்றிலிருந்து நரம்புக்கலங்களை வளர்ப்போர், உரிய கட்டத்தில் காமா-செக்கிறற்றேசைத் தடுக்கும் பொருளொன்றை வளர்ப்பூடகத்திற் சேர்க்கின்றனர். நொட்ச் அறுபடாது நிற்கவே, மூலக்கலங்கள் பிரிவதை விடுத்து ஏறத்தாழ ஒரே காலத்தில் நரம்பாகின்றன. பார்கின்சன் நோயாளரின் மூளையில் இத்தகைய கலங்களைப் பதிக்க முயல்வோருக்கு இது முக்கியமானது. ஏனெனில் பிரிந்துகொண்டேயிருக்கும் மூலக்கலம் ஒன்று பதியக்கலத்துடன் சென்றுவிடின் அது கழலையாக வளரக்கூடும்.

கண்ணாடித் தட்டில் நலம் பயத்த அதே தடுப்பு மனித உடலில் என்ன செய்தது என்பதையும் சொல்லவேண்டும். அல்சைமர் நோயில் மூளையிற் படியும் அமிலோயிட் புரதத் துண்டை வெட்டி வெளியிடுவதும் காமா-செக்கிறற்றேசே. அந்நோய் இளவயதிலேயே தோன்றும் குடும்பங்களில் 1995இல் இனங்காணப்பட்ட பிரெசெனிலின் பரம்பரையலகுகள், இந்நொதியத் தொகுதியின் வெட்டும் அலகையே ஆக்குவன. எனவே இந்நொதியத்தைத் தடுத்தால் நோயைத் தடுக்கலாமென எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் நொட்சை அறுப்பதற்கும் பிரெசெனிலின் வேண்டும் என்பதை 1999இலேயே இருவேறு குழுவினர் காட்டியிருந்தனர். இருப்பினும் எலி லிலி என்னும் அமெரிக்க மருந்துக் கம்பனி செமகசெஸ்ரற் என்னும் தடுப்பு மருந்தை 2,600க்கு மேற்பட்ட நோயாளரிற் சோதித்தது. 2010 ஓகஸ்ற்றில் அச்சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. மருந்துண்டவர்களின் அறிவாற்றலும் அன்றாடச் செயற்றிறனும், வெற்று மாத்திரை உண்டவர்களைவிட மோசமாகக் குன்றியிருந்தன; தோற்புற்றுநோயும் அவர்களிடையே மிகுந்திருந்தது. தோலில் நொட்ச் புற்றுநோயைத் தடுக்கும் பக்கம் நிற்பது என்பது சுண்டெலி ஆய்வுகளால் 2003இல் வெளிப்பட்டிருந்தது. இதற்கு மாறாக, ரி-கல வெண்குருதிப் புற்றுநோயில் அரைவாசிக்கு மேற்பட்ட நோயாளரிடம் நொட்ச்-1 மிகையாகத் தூண்டப்பட்ட விகாரநிலையில் இருப்பதை 2004இற் கண்டனர். அறிவாற்றல் குன்றியமைக்கு நொட்ச் தடைபட்டதே முழுக் காரணமென்று கூறல் பொருந்தாது; அந்நொதியம் வேறு பல புரதங்களையும் வெட்டுகிறது. ஆனால் உடலெங்கும் கலத்திற்குக் கலம் பேசும் மொழியொன்றின் நாவை அறுக்கும் மருந்தை, மூளைக்கு மட்டுமான மருந்தென எண்ணி மூத்தோர் ஆயிரக்கணக்கானோரிடம் கொண்டுசென்றமை விஞ்ஞானத்தின் அவசரமா, சந்தையின் அவசரமா என்பது வினவத்தக்கது.

இனி மனித மூளையின் பருமனுக்கு வருவோம். பெருமூளை மேற்பட்டையின் நரம்புகள் உற்பத்தியாகும் காலம் சுண்டெலியில் ஏறத்தாழ ஆறு நாட்கள். மகாக்கு குரங்கில் 60 நாட்கள். மனிதரில் 100 நாட்களுக்கு மேல். மூலக்கலங்கள் எவ்வளவு நீடித்து மூலக்கலங்களாகவே நிற்கின்றனவோ அவ்வளவு பெரிய மேற்பட்டை கிடைக்கும். 2018இல் கலிபோர்ணியாவின் சாந்தா குரூஸில் டேவிட் ஹோஸ்லர் குழுவினரும், பிரசெல்ஸில் பியர் வண்டர்ஹேகன் குழுவினரும் ஒரே வேளையில் ஒரு செய்தியை வெளியிட்டனர். மனிதரின் முதலாம் நிறமூர்த்தத்தில், நொட்ச்-2 பரம்பரையலகின் முற்பகுதி மட்டும் பிரதியாகித் தோன்றிய சில பரம்பரையலகுகள் உள்ளன, இவை நொட்ச்-2-என்.எல். எனப்படும். சிம்பன்சியிலும் கொரில்லாவிலும் இத்தகைய பிரதிகள் பழுதுற்ற நிலையில் மட்டுமே காணப்படுகின்றன. மனித மூதாதையரிலோ, சுமார் 30 முதல் 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், மூலப் பரம்பரையலகிலிருந்து ஒரு பகுதி படியெடுக்கப்பட்டு அப்பழுது சீராகியது. பின்னர் அது மேலும் பிரதியாயிற்று. இப்புரதங்கள் டெல்ராவுடன் தொடர்புற்று நொட்சின் செய்தியை வலுப்படுத்துகின்றன. ஆய்வுகூடத்தில் வளர்த்த மனித மேற்பட்டை இழையத்தில் இவற்றை நீக்கியபோது மூலக்கலங்கள் விரைவிலேயே நரம்பாகிவிட்டன.

'மனிதனை மனிதனாக்கிய பரம்பரையலகு' என்று செய்தித்தாள்கள் இதற்கு முடிசூட்ட முற்பட்டமை வியப்பன்று. அம்முடிசூட்டு ஏற்கத்தக்கதன்று. நியாண்டர்தாலரிடமும் டெனிசோவரிடமும் இப்பரம்பரையலகுகள் இருந்தன. மூளைப் பருமனைப் பாதிக்கும் மனிதர்க்கே உரிய வேறு பிரதிகளும் அறியப்பட்டுள்ளன. மூளையின் பருமனிலிருந்து மனிதரின் அல்லது மனிதக் குழுக்களின் தகுதியை அளக்கப் புகுந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் மண்டையோட்டு அளவையியல் எவ்விடத்திற் கொண்டுபோய் விட்டது என்பதை அறிந்தோர், இத்தகைய தலைப்புக்களை ஐயத்துடனேயே நோக்குவர்.

இக்கண்டுபிடிப்பின் மெய்யான கனம் வேறிடத்தில் உள்ளது. இப்பிரதிகள் ஒன்றையொன்று மிகவும் ஒத்திருப்பதால், முட்டையும் விந்தும் உருவாகும்போது நிறமூர்த்தத்தின் இப்பகுதி பிழைபடச் சோடிசேர்ந்து, ஒரு துண்டு அறவே விடுபடவோ இருமடங்காகவோ நேர்கிறது. விடுபட்ட குழந்தைகளுட் பலருக்குத் தலை சிறுத்தும், இருமடங்கானோருட் பலருக்குத் தலை பருத்தும் இருப்பதை 2008இலேயே மருத்துவர் பதிவுசெய்திருந்தனர். முன்னவரிடையே மனச்சிதைவு நோயும், பின்னவரிடையே ஓட்டிசமும் கூடுதலாகக் காணப்படுகின்றன. எனினும் இதே மாற்றத்தைக் கொண்டு எக்குறையும் வெளித்தெரியாது வாழ்வோரும் உளர். அத்துண்டில் வேறு பரம்பரையலகுகளும் அடங்கியிருப்பதால் பொறுப்பு முழுவதையும் நொட்ச்-2-என்.எல். மீது சுமத்த இயலாது. 2019இலே யப்பானிலும் சீனாவிலும் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள் இன்னொன்றையும் வெளிப்படுத்தின. இப்பிரதிகளுள் ஒன்றான நொட்ச்-2-என்.எல்.சி.யில் மூன்றெழுத்துத் தொடரொன்று அளவுமீறி நீள்வதால், நரம்புக்கலங்களின் கருவினுள்ளே புரதத் திரள்கள் படிகின்றன; பெரும்பாலும் நடுவயதிலும் முதுமையிலும் நினைவும் நடையும் குன்றுகின்றன. மூலக்கலத்தை நெடுநாள் மூலக்கலமாக நிறுத்தி வைக்க உதவிய அதே பரம்பரையலகு, அதிலிருந்து தோன்றிய நரம்பை ஐம்பது அறுபது ஆண்டுகளின் பின்னர் எவ்வழியாகச் சிதைக்கிறது என்பதே அந்நோயாளரின் குடும்பங்கள் ஆய்வாளரிடம் இன்று கேட்கும் கேள்வி.